கீழாண்ட வூட்டுக்கு எட்டாத மைக்

உங்களை ஊரே கேட்கிற மாதிரி மைக்கில் கூப்பிட்டு, அது உங்கள் காதில் மட்டும் விழாமல் போய், "கூப்பிட்டும் வரலையே, அப்ப குத்தவாளிதான்" என்று தீர்ப்பு எழுதினால் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய மாட்டீர்கள். கூப்பிட்டதே உங்களுக்குத் தெரியாதே.

எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்தது. மைக் ஸ்விட்ச் என் கையில்தான் இருந்தது.

நான் வேலூரில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவன். வேலை கிடைக்கவில்லை. போளூரில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, ஒரு பழைய மெஷினோடு மலைக்குத் திரும்பி வந்தேன். ஊரில் கோயில் திருவிழாவுக்கு வாங்கிப்போட்ட ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் வருஷத்தில் மூன்று நாள் கத்திவிட்டு மீதி நாளெல்லாம் கோணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. தினமும் சாயங்காலம் போடலாமே என்று கேட்டேன். ஆடு காணோம் என்று சொல்லலாம், நாளைக்கு பஸ் வராது என்று சொல்லலாம், சண்டை இருந்தால் நேருக்கு நேர் சொல்லலாம். யார் வேண்டுமானாலும் பேசலாம்.

மலையில் கரண்ட் ஏது? பேட்டரி வேண்டும். என் தாய்மாமாவுக்குப் போளூர் போகிற வேனில் பங்கு உண்டு. வேனிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியைக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை கீழே போய் சார்ஜ் ஏறி, கோழிக்கூடைகளோடு வேன் கூரையில் திரும்பி வரும்.

முதல் வாரமே நாறிப்போனது. குடித்துவிட்டு ஒருவர் வந்து பக்கத்து வீட்டுக்காரர் பரம்பரையையே இழுத்தார். அடுத்த நாள் அந்தப் பரம்பரை கம்போடு வந்தது. அதனால் சட்டம் போட்டோம். பேசுகிறவர் எந்த வீடு என்று முதலில் சொல்ல வேண்டும். திட்டக் கூடாது. எதிரில் இல்லாத ஆள் மேல் பிராது சொல்லக் கூடாது. சொல்வதானால் அந்த ஆளைக் கூப்பிட்டு நிற்க வைத்துத்தான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம்.

நேரம் அளக்க, ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ஒரு பீடியைப் பற்ற வைப்பார். பீடி அணைந்தால் பேச்சு முடிந்தது. நியாயமாகத்தான் தெரியும், கொஞ்ச நாள் கவனிக்கிற வரை. பிடித்த ஆள் பேசினால் கவுண்டர் பஃப் பஃப்பென்று இழுத்துப் பீடியை உயிரோடு வைத்திருப்பார். பிடிக்காத ஆள் என்றால் பீடி அவர் விரல் இடுக்கில் தானாகச் செத்துப்போகும். நான் ஊதுபத்தியை உடைத்து எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டு வைத்தேன்.

"பீடி நாத்தம் புடிக்கலியாடா காலேஜுக்கு?" என்றார் கவுண்டர்.

"பீடி ஆளு பாக்குது கவுண்டரே. பத்தி பாக்காது" என்றேன்.

கூட்டம் சிரித்தது. கவுண்டரும் சிரித்தார், கொஞ்சம் லேட்டாக. அதற்கப்புறம் என் அப்பா பேசும்போது பத்தி தீர்ந்தது, கட் பண்ணினேன். மாமா பேசும்போதும் கட் பண்ணினேன், "வேனு விசயம் இன்னும் முடிக்கலடா" என்று கத்தினார். "அப்பனுக்கே கட் பண்ணவன்" என்று பேர் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது கூப்பாடு விஷயம். எங்கள் ஊரில் ஒருவர் மேல் பெரிய பிராது வந்தால் ஊர் மூன்று தடவை கூப்பிடும், மூன்று சாயங்காலம். முதல் கூப்பாட்டுக்கு வந்து காது கொடுக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. இரண்டாவதுக்கு வந்து பதில் சொல்லலாம். மூன்றாவதில் ஊர் முடிவு சொல்லும். மூன்றுக்கும் வராவிட்டால் ஒதுக்கிவைப்பு. ஒன்றுக்கு வந்து அடுத்ததற்கு வராவிட்டாலும் ஒதுக்கிவைப்புதான், ஓடிப்போனதாகக் கணக்கு. ஒதுக்கிவைத்த வீட்டுக்கு யாரும் நெருப்பு தர மாட்டார்கள், சுனையில் தண்ணீர் கிடையாது, அறுப்புக்கு ஆள் போகாது, செத்தால் தூக்க வர மாட்டார்கள். அப்படி ஒரு குடும்பம் என் சின்ன வயதில் இருந்தது. அவர்கள் இருந்த இடத்தில் இப்போது அடுப்புக் கல் மட்டும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கூப்பாட்டைக் கொண்டுபோகிற வேலை ஊருடையது. வேறு யாராவது போய், "உன்னை ஊர் கூப்பிடுது" என்று தனியாகச் சொன்னால் சொன்னவனும் அந்தப் பிராதில் கூட்டாளி. பிறகு அவன் அந்தக் கூட்டத்தில் எந்த வேலையும் பார்க்க முடியாது.

முன்னெல்லாம் ஓர் ஆள் நடந்துபோய் வாசலில் நின்று கூப்பிடுவார். போகாமலே போனேன் என்று சொல்லிவிடுவதாகப் புகார் இருந்தது. மைக் வந்ததும் கவுண்டர், "இனிமே கூப்பாடு மைக்குலதான். அல்லாரு காதுலயும் வுழும், பொய் சொல்ல முடியாது" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஒரு பிராது எப்படி ஆரம்பித்ததோ அப்படியே முடிய வேண்டும், நடுவில் வழி மாற்றக் கூடாது என்று நான் வேறு சேர்த்துவைத்தேன். நல்ல யோசனை என்று பாராட்டினார்கள்.

போன வருஷம் பொங்கல் முடிந்து, புல்லெல்லாம் காய்ந்து சருகான நேரம். ஊர் கூடுகிற களத்தில் அறுத்துக் குவித்த சாமைப் போர்கள் நின்றன. கிழக்கேயிருந்து கீழ்க்காற்று. நடுப்பகலில் கிழக்கே பாறைக் குன்றாக நிற்கிற கரட்டுக்கு மேலே புகை தெரிந்தது. நாங்கள் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுவதற்குள் நெருப்பு கரட்டைத் தாண்டி இறங்கிவிட்டது. மற்ற போர்களைக் காப்பாற்றினோம். மாமாவின் போர் மட்டும் நின்ற இடத்திலேயே கரியானது. அந்த வாசனை பல நாள் சோற்றில் இருந்தது.

கரட்டுக்கு அந்தாண்டை ஒரே ஒரு வீடுதான். கிழக்கே இருப்பதால் கீழாண்ட வூடு என்போம். புருஷன், பெண்டாட்டி, நாலைந்து மாடு. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. கரட்டடிப் புளியமரத்தில் எங்களுக்குப் பங்கு கிடையாது என்று என் அப்பாவைக் களத்தில் வைத்து அசிங்கப்படுத்தியவர். யாரிடமும் ஒட்ட மாட்டார். புதுப்புல் முளைக்கட்டும் என்று காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்திருக்கலாம். வைக்காமலும் இருந்திருக்கலாம். எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

மாமாவுக்குத் தெரிந்திருந்தது. "அவன்தான். வேற எவன் கீறான் அங்க?" என்றார்.

முதல் சாயங்காலம். காற்று விர்ரென்று கிழக்கிலிருந்து அடித்தது. ஸ்விட்சைப் போட்டேன். கவுண்டர் மைக்கைப் பிடித்தார். "கீழாண்ட வூட்டுக்காரரே, ஊரு கூப்புடுது. களத்துக்கு வாங்க." மேற்கே இருக்கிற ஊர்களிலிருந்துகூட ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள், அவ்வளவு தூரம் கேட்டது. கரட்டுப் பக்கம் எல்லோரும் பார்த்தபடி இருந்தோம். யாரும் வரவில்லை.

இரண்டாவது சாயங்காலமும் யாரும் வரவில்லை. அன்று கூட்டத்தில் பேச்சுக் குறைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிற கூட்டத்தை ஸ்விட்சால் அடக்கலாம். சும்மா இருக்கிற கூட்டத்தை என்ன செய்வது? கலையும்போது மாமா மட்டும் சொன்னார்: "இன்னும் ஒண்ணு."

மறுநாள் காலை சுனைக்குப் போனேன். கீழாண்ட வூட்டு அக்கா குடத்தோடு இருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் தள்ளி நின்று அவள் மொண்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அவள் என் பெல்பாட்டம் பேண்ட்டைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா தம்பி, கீழ இவ்ளோ துணி தொங்குது. ஊர்த் தெருவெல்லாம் நீயே பெருக்கிடுவ போல."

"ஃபேஷனுக்கா."

"ஃபேஷனு. முள்ளுல மாட்டிச்சின்னா தெரியும்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஆமா, மைக்குல இன்னா சொன்னாங்க? மண்ணெண்ண வந்துச்சா? காத்து மாறுனதுலேர்ந்து எங்க வூட்டுக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. ரேடியோ செத்துப்போன மாதிரி கீது."

இரண்டு கூப்பாடு போயிருக்கிறது. ஊரே கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. இவள் மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்கிறாள்.

பிசிக்ஸ் படித்தவனுக்குக் காற்று எதிரில் அடித்தால் சத்தம் மேலே எழும்பிப் போய்விடும், நடுவில் பாறை இருந்தால் அந்தாண்டை சுத்தமாக விழாது என்று தெரியாதா? தெரியும். பரீட்சைக்குத் தெரியும்.

சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம்தான். சொன்னால் நான் கூட்டாளி. ஸ்விட்ச் வேறு ஆள் கைக்குப் போகும். அது மாமா கையாகத்தான் இருக்கும்.

"மண்ணெண்ண வரலக்கா" என்றேன்.

"வந்தா சொல்லு" என்று போனாள்.

அவள் போனதும் பின்னால் ஒரு பெண் சொன்னாள்: "எவ்ளோ திமிரு பாரேன். ஊரு கூப்புடுது, இவ சிரிச்சிகினு தண்ணி மொள்றா."

நேராகக் கவுண்டர் வீட்டுக்குப் போனேன். பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தாண்ட கேக்கல கவுண்டரே. ரெண்டு கூப்பாடும் போய்ச் சேரல."

"உனுக்கு எப்டித் தெரியும்? பேசுனியா?"

"பிராதைப் பத்திப் பேசல. மண்ணெண்ண வந்துச்சான்னு அவங்களே கேட்டாங்க. மைக்கே கேக்கலன்னாங்க."

வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "இத நான் களத்துல சொன்னா உங்க மாமன் இன்னா சொல்வான்? அவ சும்மா சொல்றா, இவன் நம்பிட்டான்னுவான். இல்லாங்காட்டி உனுக்கு இன்னா குடுத்தாங்கன்னு கேப்பான்."

"ஆளு அனுப்புங்க, நடந்து போய்க் கூப்புடட்டும்."

"ஆரம்பிச்ச வழியிலதான் முடிக்கணும். நீ போட்ட சட்டந்தானே?"

அவர் துப்பிவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கூப்பாடு என் பொறுப்பு. மைக்கு, ஒயரு, குழாயி அல்லாம் உன் பொறுப்பு. அதுல நான் தலையிட மாட்டேன்."

போய்க் களத்தோர மரத்திலேறி அதில் கட்டியிருந்த குழாயைக் கழற்றினேன். திருவிழா ஒயர் முழுவதையும் முடிச்சுப் போட்டு நீட்டினேன். குழாயைத் தோளில் வைத்துக் கரட்டில் ஏறும்போது பாதி வழியில் மாமா நின்றிருந்தார். பக்கத்தில் கரிந்த புல். அவர் செருப்பெல்லாம் சாம்பல்.

"எங்கடா தூக்கிகினு போற?"

"மேல கட்டப் போறேன்."

"எதுக்கோசரம்?"

"எல்லாருக்கும் கேக்கணும்ல மாமா."

"அல்லாருக்கும் கேட்டுகினுதானே கீது?" குரலை ஏற்றவே இல்லை. "எங்க வூட்ல வருசம் முச்சூடும் தின்ற சாமைடா அது. உங்கம்மா எனுக்குத் தங்கச்சி. நீ யாரு பக்கம்?"

"பக்கமே கெடையாது மாமா."

"பேட்டரி என்னுது."

"பேட்டரி உங்களுதுதான். காத்து உங்களுது இல்ல."

அறைவார் என்று நினைத்தேன். அவர் வழி விட்டு ஒதுங்கினார். தாண்டிப் போனபின் திரும்பிப் பார்த்தேன். குழாயைப் பார்க்கவில்லை, ஒயர் போகிற தடத்தைக் கீழேயிருந்து மேலே வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாறை உச்சியில் குழாயைக் கிழக்கே பார்க்கக் கட்டினேன். கீழே அந்த வீட்டுக் கூரையும் மாடுகளும் தெரிந்தன. வாசலில் அக்கா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சாயங்காலம் கவுண்டர் கூப்பிட்டபோது களத்தில் குரல் மெலிசாகக் கேட்டது. முழுச் சத்தமும் அந்தாண்டை போயிற்று. ஊர் என்னைப் பார்த்தது, நான் ஆம்ப்ளிஃபயர் மீட்டர் முள்ளைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கரட்டு மேல் ஒரு தலை தெரிந்தது. பின்னால் இன்னொன்று.

கீழாண்ட வூட்டுக்காரர் கையில் மாட்டுக் கயிற்றோடு அப்படியே வந்திருந்தார். களத்து நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"இன்னா விசயம்?"

கவுண்டர் பிராதைச் சொன்னார். அவர் வாய் திறக்கப் போனார்; கவுண்டர் கையைக் காட்டினார். முதல் கூப்பாட்டுக்குக் காது மட்டும்தான்.

"மொத கூப்பாடா?" என்றார் மாமா. "இது மூணாவது கவுண்டரே."

"கூப்ட ஒடனே மனுசன் கயித்தோட ஓடியாந்து நிக்கிறான். முன்ன ரெண்டுக்கு வராதவன் இதுக்கு ஏன் வரணும்? அது ரெண்டும் போய்ச் சேரல. இது மொத கூப்பாடு. இன்னும் ரெண்டு கீது."

அக்கா என்னை மட்டும் பார்த்தாள். சுனையில் நான் சொன்னதை நினைத்திருப்பாள். சிரிக்கவில்லை.

போகும்போது அந்த ஆள் என் பக்கத்தில் நின்றார். "குழாயத் திருப்புனது நீயா?"

"ஆமா."

"புளியமரத்துல உங்களுக்குப் பங்கு கெடையாது. இதுக்கோசரம் கேட்டுகினு வராத."

சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அந்த நிமிஷம் அவரை ஏறக்குறையப் பிடித்துவிட்டது.

விடிந்ததும் பேட்டரி இல்லை. மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார். "சார்ஜி நிக்கல. தேவப்பட்டா நானே ரெடி பண்ணிக் கொண்டாறேன்" என்றார். வேறு பேட்டரி ஊரில் கிடையாது. மைக் இல்லாமல் கூப்பாடு இல்லை. பிராது முடியவில்லை, விழவுமில்லை. ஒதுக்கவுமில்லை, சேர்க்கவுமில்லை. அறுப்புக்கு அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை.

மழைக்கு முன்னால் மாமா ஊருக்கு ஒரு நன்கொடை செய்தார். களத்தோரம் சிமெண்டில் இரும்புக் கம்பம் நட்டு, போளூரிலிருந்து கேஸ் வெல்டிங் ஆளை வரவழைத்து, குழாயை அதன் தலையில் மேற்கே பார்த்துத் திருப்ப முடியாதபடி வெல்டிங் வைத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ஊருக்கு நல்லது செய்கிறவரை எந்தச் சட்டத்தில் நிறுத்துவது? "ஸ்விட்ச நீயே வச்சிக்கோடா. உன்ன மாதிரி நாயமான ஆளு யாரு கீறாங்க?" என்று என் முதுகில் தட்டினார்.

அதைக் கீழாண்ட வூட்டுக்காரரும் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் கரட்டு உச்சிக்கு வந்து பாறை மேல் உட்காருவார். அங்கிருந்தால் குழாய் எந்தப் பக்கம் பார்த்தாலும் கேட்டுவிடும். இருட்டுகிற வரை இருந்துவிட்டு இறங்குவார். மழையில் கோணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஜுரம் என்றால் அக்கா வந்து உட்காருவாள். கூப்பாடே இல்லாத அத்தனை மாதமும், கூப்பாட்டைத் தவறவிடாமல் இருக்க ஓர் ஆள். ஊர் முதலில் சிரித்தது. பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டது.

இப்போது மறுபடி பொங்கல் முடிந்துவிட்டது. களத்தில் சாமைப் போர் நிற்கிறது. கீழ்க்காற்று வந்துவிட்டது. முந்தாநாள் கிழக்கே புகை தெரிந்ததாக யாரோ சொன்னார்கள். என் கண்ணில் படவில்லை.

இன்று காலை பஸ்ஸில் கீழாண்ட வூட்டுக்காரரும் அக்காவும் கூடையோடு ஏறினார்கள். படவேட்டில் அவள் தங்கை வீட்டில் ஏதோ விசேஷம். "நாளைக்கு வந்துடுவோம் தம்பி" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அப்போது பஸ் பக்கத்தில் மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நான் இதை டைப் அடிக்க உட்கார்ந்தேன். நடுவில் மாமா வந்தார். பேட்டரியைத் தோளிலிருந்து இறக்கி வாசலில் வைத்தார். "ஃபுல் சார்ஜி. இன்னிக்கு ரெண்டாவது கூப்பாடு. வரலன்னா ஓடிப்போனதாக் கணக்கு. கவுண்டர்கிட்ட சொல்லிட்டேன். ஸ்விட்ச்சு நீதானே?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. கவுண்டரிடம் ஓடினேன். "பிராது குடுத்தவன் கேட்டா கூப்புட்டுதான் ஆவணும். எந்த நாள்னு சட்டத்துல இல்லியே" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வெயில் இறங்கிவிட்டது. களத்தில் ஆட்கள் சேர்கிறார்கள். என் ஜன்னலிலிருந்து பாறை தெரிகிறது. அதன் மேல் யாரும் இல்லை.